கவுண்ட் எவ்வளவு?

புரட்டாசி, ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் எங்கள் லேபின் கதவைத் திறந்துகொண்டு வருகிறவர்கள் எல்லோரிடமும் ஒரே கேள்விதான். "சார், கவுண்ட் எவ்வளவு?" பாலக்கோட்டிலிருந்து வருகிறவரும் அதைத்தான் கேட்கிறார், பென்னாகரத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவரும் அதைத்தான் கேட்கிறார். பையன் கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனான், வாந்தி நின்றதா, வயிறு வலிக்கிறது என்றானா என்று நான் கேட்டால் எரிச்சலோடு பார்க்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது ஒரு எண், டெங்குக் காய்ச்சல்காரரின் ரத்தத்தில் இருக்கும் தட்டணு எண்ணிக்கை. 1 லட்சத்துக்கு மேல் என்றால் முகம் தெளிந்துவிடும். 50,000 என்றால் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிடுவார்கள். 20,000 என்றால் கார் பிடிக்க ஆள் ஓடும்.

இருபது வருஷமாகத் தருமபுரி மாவட்டத்தில் ரத்தப் பரிசோதனை வேலை பார்க்கிறேன். இந்த எண்ணை ஆயிரக்கணக்கான முறை என் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆகவே இதைச் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது. டெங்கு என்றால் தட்டணு குறையும் நோய், தட்டணு குறைந்தால் சாவு, தட்டணுவை ஏற்றிவிட்டால் பிழைப்பு என்று ஊரே நம்புகிறது. படித்தவர்களும் நம்புகிறார்கள். இது தவறான நம்பிக்கை. இதனால் காப்பாற்றியிருக்க வேண்டிய நேரம் கைநழுவிப் போகிறது.

முதலில் தட்டணு என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பெரிய செல்களிலிருந்து பிய்ந்து வரும் துணுக்குதான் தட்டணு. அதற்கு உட்கரு கிடையாது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் இரண்டு மூன்று பங்குதான் அதன் அகலம். 7 முதல் 10 நாள் வரை ஆயுள். நலமாக இருக்கிறவர் உடம்பில் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துக்கு 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருக்கும். இந்தக் கடைசி விஷயம் மட்டும்தான் நம் ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம்.

1880களின் தொடக்கத்தில் இத்தாலியின் தூரின் நகரில் ஜூலியோ பிட்சொசேரோ என்ற மருத்துவர், உயிருள்ள பிராணிகளின் குடலைத் தாங்கும் மெல்லிய சவ்வை நுண்ணோக்கிக்கு அடியில் விரித்து, அதில் ஓடும் சின்னச் சின்ன ரத்தக் குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழாய் நன்றாக இருந்த இடங்களில் தட்டணுக்கள் ஓட்டத்தோடு போய்க்கொண்டே இருந்தன. சுவரில் காயம்பட்ட இடத்தில் மட்டும் அவை நின்றன, ஒட்டின, ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தன. தட்டணுவின் தொழில் ஒட்டுவது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. எத்தனை இருக்கின்றன என்பதைவிட எங்கே ஒட்டுகின்றன, எதைப் பிடித்து ஒட்டுகின்றன, எங்கே ஒட்டாமல் விலகிப் போகின்றன என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

ரத்தக் குழாயின் உட்பக்கம் முழுக்க ஒற்றை அடுக்காகச் செல்கள் ஓடு பதித்ததுபோலப் பதிந்திருக்கின்றன. அந்த அடுக்கு நலமாக இருக்கும்வரை நைட்ரிக் ஆக்ஸைடு, புரோஸ்டாசைக்ளின் என்ற இரண்டு பொருள்களை ஓயாமல் சுரந்து, தட்டணுவைக் கிட்டே அண்டவிடாமல் வைத்திருக்கும். அது கிழிந்தால் அடியில் இருக்கும் கொலாஜன் நார் வெளியே தெரியும். ரத்தத்தில் வான் வில்லிபிராண்ட் காரணி என்றொரு நீளமான புரதம் நூல்கண்டுபோலச் சுருண்டு மிதக்கிறது. அது முதலில் போய் அந்த நாரில் ஒட்டிக்கொள்கிறது. ரத்தம் ஓடும் வேகம் அந்தக் கண்டை இழுத்துப் பிரிக்கிறது. பிரிந்த நூலைத்தான் தட்டணு எட்டிப் பிடிக்கிறது. ஒகேனக்கல்லில் வெள்ளம் இழுத்துக்கொண்டு போகும் பரிசலில் இருப்பவர் கரையில் தொங்கும் கயிற்றைப் பிடித்தால் பரிசல் ஒரேயடியாக நின்றுவிடாது. கயிறு கைநழுவும், அடுத்ததைப் பிடிப்பார், வேகம் தணியும், அதற்குப் பிறகுதான் நிற்கும். தட்டணுவும் அப்படித்தான் பிடித்து விட்டு, பிடித்து விட்டு, உருண்டு வந்து நிற்கிறது. நின்ற பிறகு கொலாஜனை நேரடியாகப் பற்றிக்கொள்கிறது. தட்டையான வட்டாக இருந்தது முள் முளைத்து, பிறகு கல்லில் ஊற்றிய தோசை மாவுபோலச் சுவரோடு பரவுகிறது. உள்ளே வைத்திருக்கும் ரசாயனங்களைக் கக்கி மற்றத் தட்டணுக்களைக் கூப்பிடுகிறது. வந்தவை ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தைக் கயிறாக வைத்து ஒன்றோடொன்று பிணைந்துகொள்கின்றன. அதன் பிறகே ரத்தம் நிற்கிறது.

இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் எண்ணிக்கையால் பயன் இல்லை. 1926இல் பின்லாந்தைச் சேர்ந்த எரிக் வான் வில்லிபிராண்ட் என்ற மருத்துவர், ஆலந்து தீவுகளில் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார். அந்தக் குடும்பத்தின் சிறுமி ஒருத்தி அவரிடம் வந்தபோது அவளுக்கு 5 வயது. தட்டணு எண்ணிக்கையில் குறையே இல்லை. ஆனாலும் பருவம் எய்திய பிறகு மாதவிடாய் ரத்தப்போக்கிலேயே அந்தப் பெண் இறந்துபோனாள். நான் மேலே சொன்ன நூல்தான் அவள் ரத்தத்தில் போதவில்லை.

இதேபோல இன்னொரு நோய், 1918இல் சுவிட்சர்லாந்தின் கிளான்ஸ்மன் விவரித்தது. அதில் தட்டணுக்கள் சுவரில் ஒட்டும், ஆனால் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் கை அவற்றுக்கு இருக்காது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால்தான் இந்த நோய் வரும் என்பதால், அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டுகிற நம் தென்னிந்தியக் குடும்பங்களில் இது மற்ற இடங்களைவிடக் கூடுதலாகத் தென்படுகிறது. மூக்கிலிருந்து ரத்தம் கொட்டும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். டெஸ்ட் எடுத்தால் 2.8 லட்சம் என்று வரும். "கவுண்ட் நல்லாத்தானே இருக்கு" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். எண்ணை மட்டும் பார்க்கும் பழக்கம் இந்தப் பிள்ளைகளுக்கும் துரோகம் செய்கிறது.

மறுபக்கமும் இருக்கிறது. தட்டணுவை உடம்பே அழித்துக்கொள்ளும் ஒரு நாள்பட்ட நோயில் 20,000, 25,000 என்று வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் வயல் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ரத்தக் குழாய்களின் அன்றாடத் தேய்மானத்தை அடைக்க ஒரு மைக்ரோலிட்டருக்கு நாளொன்றுக்குச் சுமார் 7,000 தட்டணுக்கள் போதும் என்று ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். மற்றதெல்லாம் சேமிப்பு. சேமிப்பு கரைகிறது என்பதும் வீடு இடிகிறது என்பதும் ஒன்றாகாது.

டெங்குவுக்கு வருவோம். டெங்கு ஆளைக் கொல்வது பெரும்பாலும் தட்டணுக் குறைவால் அல்ல. வைரஸ் வெளியிடும் ஒரு புரதமும் உடம்பின் எதிர்ப்பு வேகமும் சேர்ந்து குழாயின் உட்பூச்சைத் தளர்த்திவிடுகின்றன. ஓடுகளுக்கு நடுவே இடைவெளி விழுகிறது. சிவப்பணுக்கள் உள்ளே நின்றுகொள்ள, ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா மட்டும் வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக் கூட்டுக்குள்ளும் கசிகிறது. குழாயில் மிச்சம் இருக்கும் ரத்தம் கெட்டிப்படுகிறது. ரத்த அழுத்தம் சரிகிறது. கைகால் சில்லிடுகிறது. இதற்குத்தான் டெங்கு அதிர்ச்சி என்று பெயர்.

இந்தக் கசிவைத் தட்டணு அடைக்குமா? அடைக்காது. தட்டணு ஒட்டுவதற்குக் கிழிசல் வேண்டும், வெளியே தெரியும் நார் வேண்டும். இங்கே குழாய் கிழியவில்லை, சல்லடையாகியிருக்கிறது. இன்னும் மோசம், வைரஸ் பட்ட தட்டணுக்கள் தாமே கிளர்ந்தெழுந்து, ஒட்டக்கூடாத வெள்ளணுக்களின்மேல் ஒட்டிக்கொண்டு வீக்கத்தைக் கூட்டுகின்றன. பாட்டில் பாட்டிலாக வெளியிலிருந்து தட்டணுவை ஊற்றினாலும் கசிகிற இடத்தில் அவை செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை.

சில வருஷத்துக்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். முப்பது வயதிருக்கும் ஒரு பெண். ஐந்தாம் நாள், காய்ச்சல் விட்டிருந்தது. முந்தைய நாள் 1 லட்சத்துச் சொச்சம் இருந்த கவுண்ட் அன்றைக்கு 84,000. வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "பரவாயில்ல சார், எண்பதுக்கு மேல இருக்கு. ஜொரமும் விட்டிருச்சு." அதே தாளில் நாலு வரிக்கு மேலே பிசிவி என்று ஒரு வரி இருக்கிறது. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு எவ்வளவு என்று சொல்லும் எண் அது. முந்தைய நாள் 36, அன்றைக்கு 45. ஒரே நாளில் கால் பங்கு கூடியிருந்தது. 20 சதவீதம் கூடினாலே பிளாஸ்மா கசிகிறது என்று அர்த்தம். நான் அதைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு, உடனே டாக்டரிடம் காட்டச் சொன்னேன். காட்டினார்கள். அங்கேயும் கவுண்டைப் பார்த்துவிட்டு, நாளைக்கு ஒரு டெஸ்ட் எடுத்துக்கொண்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அன்று ராத்திரியே அந்தப் பெண் நினைவு தப்பி விழுந்தார். மூன்று நாள் தீவிர சிகிச்சையில் கிடந்து பிழைத்தார். தாளைக் கையில் கொடுத்ததோடு விடாமல் நானே ஏன் போன் போட்டுப் பேசவில்லை என்று இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

டெங்குவில் ஆபத்தான காலம் காய்ச்சல் கொதிக்கும்போது வருவதில்லை. காய்ச்சல் இறங்கும் அந்த 24 முதல் 48 மணி நேரம்தான் ஆபத்து. வீட்டில் எல்லோரும் பெருமூச்சு விட்டுச் சாமிக்குத் தேங்காய் உடைக்கிற நேரம் அது.

அடுத்தது தட்டணு ஏற்றுவது. 20,000க்குக் கீழே போய்விட்டால் ரத்தக் கசிவு இருக்கிறதோ இல்லையோ தட்டணு ஏற்றியே ஆகவேண்டும் என்று உறவினர்கள் டாக்டரை நெருக்குகிறார்கள். இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தட்டணு 20,000 அல்லது அதற்கும் கீழே போன, பெரிய ரத்தப்போக்கு இல்லாத 372 பெரியவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தட்டணு ஏற்றினார்கள், மறுபாதிக்கு ஏற்றவில்லை. முடிவு 2017இல் லான்செட் இதழில் வந்தது. ஏற்றியவர்களில் 21 சதவீதம் பேருக்கு ரத்தக் கசிவு, ஏற்றாதவர்களில் 26 சதவீதம். புள்ளியியல் கணக்கில் இதை வித்தியாசம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஒவ்வாமை போன்ற பக்கவிளைவு ஏற்றியவர்களில் 13 முறை வந்தது, ஏற்றாதவர்களில் 2 முறைதான். ரத்தக் கசிவு இல்லாதவர்களுக்கு 10,000க்குக் கீழே போனால்தான் ஏற்றுவதைப் பற்றி யோசிக்கலாம் என்பதுதான் நம் நாட்டின் தேசிய வழிகாட்டுதலும்.

தட்டணுப் பையை ரத்த வங்கியில் பார்த்திருக்கிறீர்களா? வைக்கோல் நிறத்தில் இருக்கும். 20 முதல் 24 டிகிரி சூட்டில், ஆட்டிக்கொண்டே இருக்கும் ஒரு தட்டின்மேல் கிடக்கும். ஆட்டாமல் வைத்தால் கெட்டுவிடும். ஆட்டினாலும் 5 நாள்தான் தாங்கும். புற்றுநோய் சிகிச்சையில் மஜ்ஜை வறண்டுபோன குழந்தை ஒன்று அந்தப் பைக்காகக் காத்திருக்கும். அதை டெங்கு நோயாளிக்கு ஏற்றினால், அவருடைய சொந்தத் தட்டணுவை அழித்த அதே வேகம் வந்த தட்டணுவையும் சில மணி நேரத்தில் அழித்துவிடுகிறது.

தருமபுரிக்காரர்களுக்கு இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, சித்தேரி மலை என்று எங்கிருந்து வந்தாலும், 'கவுண்ட் இறங்கிவிட்டது' என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் தருமபுரியிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாகச் சேலத்துக்கு வண்டி எடுக்கிறார்கள். தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு நடுவே, கசிந்துகொண்டிருக்கும் நோயாளியைப் பின்சீட்டில் சாய்த்து வைத்து, ட்ரிப்ஸைக் கழற்றிவிட்டு, கிட்டத்தட்ட 65 கிலோமீட்டர். அந்த நேரத்தில் அவருக்கு வேண்டியிருந்தது அளந்து ஏற்றும் சலைன், மணிக்கு மணி பார்க்கும் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், மூத்திர அளவு. இதைத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே செய்ய முடியும். மேல்சிகிச்சை வேண்டும் என்று டாக்டர் சொன்னால் 108 ஆம்புலன்ஸில் ட்ரிப்ஸோடு போகவேண்டும். கவுண்டுக்குப் பயந்து தானாக ஓடக்கூடாது.

"அப்போ ரத்தம் வந்தாலும் சும்மா இருக்கச் சொல்றீங்களா?" என்று என் அண்ணன் மகனே என்னிடம் சண்டை போட்டான். நியாயமான கேள்வி. இல்லை. மலம் கருப்பாகப் போனால், ரத்த வாந்தி எடுத்தால், மூக்கிலோ ஈறிலோ நிற்காமல் வந்தால் அது அவசரம். அப்போது தட்டணுவோ முழு ரத்தமோ எது வேண்டும் என்று டாக்டர் முடிவு செய்வார். ஆனால் டெங்குவில் பெரிய ரத்தப்போக்கு பெரும்பாலும் நீண்ட நேரம் கவனிக்காமல் விட்ட அதிர்ச்சியின் பின்னால்தான் வருகிறது. கசிவை நேரத்தில் பிடித்தவருக்கு அந்த நிலை வருவது அரிது. தினமும் ரத்தம் எடுப்பதையும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. தட்டணு சடசடவென்று இறங்கும்போது பிசிவி ஏறுகிறதா என்று பார்க்கத்தான் அந்த டெஸ்ட். இரண்டையும் சேர்த்துப் படிக்கவேண்டும்.

பப்பாளி இலைச்சாற்றைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் தெருவிலேயே என்னை விடமாட்டார்கள். குடித்த இரண்டாம் நாளே கவுண்ட் ஏறியது என்று சத்தியம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஏறியது உண்மைதான். பயம் வந்து ஐந்தாம் நாள் இலையைப் பறிக்கிறார்கள். ஏழாம் நாள் வாக்கில் டெங்கு நோயாளியின் மஜ்ஜை தானாகவே விழித்துத் தட்டணுவை அனுப்பத் தொடங்குகிறது. சாறு குடிக்காதவருக்கும் ஏறுகிறது. 2017இல் அரசுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் 23,294 பேருக்கு டெங்கு வந்தது, 65 பேர் இறந்தார்கள். ஆயிரத்துக்கு மூன்று பேர்கூட இல்லை. இப்படிப்பட்ட நோயில் எதைக் குடித்தாலும் அதுதான் காப்பாற்றியது என்று தோன்றும். எண்ணிக்கை கொஞ்சம் சீக்கிரம் ஏறியதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. உயிரைக் காத்தது என்று எதுவும் நிரூபிக்கவில்லை. கசப்புச் சாற்றைக் குடித்துவிட்டு வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு உள்ளே போயிருக்க வேண்டிய கஞ்சியும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் வெளியே போகின்றன. அதுதான் என் கவலை.

இதைவிடப் பெரிய கெடுதல் ஒன்று சத்தமில்லாமல் நடக்கிறது. காய்ச்சல் என்றதும் ஊசி கேட்கிறோம். டைக்ளோஃபெனாக் ஊசி, ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் எல்லாமே தட்டணு மற்றவற்றைக் கூப்பிடும் அந்த ரசாயனக் குரலை அடைத்துவிடுகின்றன. ஆஸ்பிரின் பட்ட தட்டணுவுக்கு உட்கரு இல்லாததால் அதைச் சரிசெய்துகொள்ளவே முடியாது, ஆயுள் முழுக்க ஊமைதான். கவுண்ட் இறங்குகிறதே என்று அழுகிற குடும்பம், மிச்சம் இருக்கும் தட்டணுவின் ஒட்டும் திறனை ஊசி போட்டுக் கெடுக்கிறது. டெங்கு சந்தேகம் இருந்தால் பாராசிட்டமால் மட்டும்தான், அதுவும் அளவோடு. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் தானாக நிறுத்தவும் கூடாது. அந்த உலோகக் கம்பிவலையும் தட்டணு ஒட்டுகிற மேற்பரப்புதான், கவுண்ட் குறைந்திருக்கும்போதும் அங்கே அடைப்பு வரலாம். இதயநோய் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

அந்த எண்ணே எவ்வளவு நம்பத்தக்கது என்பதையும் என் தொழிலை வைத்துச் சொல்லிவிடுகிறேன். ஊதா மூடி போட்ட குழாயில் ரத்தம் எடுக்கிறோம். அதில் இருக்கும் ஈடிடிஏ என்ற மருந்து ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும். சிலருடைய ரத்தத்தில் அதே மருந்து தட்டணுக்களைக் கொத்துக் கொத்தாக ஒட்டவைத்துவிடும். நரம்பு கிடைக்காமல் மெதுவாக எடுத்தாலும், எடுத்ததும் குழாயைக் கவிழ்த்துக் கலக்காவிட்டாலும் ஒட்டிக்கொள்ளும். மெஷின் இருபது தட்டணு சேர்ந்த கொத்தை ஒரு வெள்ளணு என்று எண்ணிவிட்டுப் போய்விடும். ஒருமுறை 18,000 என்று மெஷின் காட்டியது. ஆள் திடமாக நின்றுகொண்டிருந்தார். கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டுத் தேய்த்து, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்தேன். சில்லின் ஓரமெல்லாம் ஊதா நிறக் கொத்துகள். ஈடிடிஏ இல்லாத நீல மூடிக் குழாயில் மறுபடி எடுத்தபோது 1.6 லட்சம் வந்தது. கண்ணால் பார்க்காமல் மெஷின் எண்ணை மட்டும் அச்சடித்துக் கொடுக்கும் எந்த லேபும், நான் வேலை பார்க்கும் இடம் உள்பட, மக்களுக்கு அநியாயம் செய்கிறது.

ஒட்டும் இன்னொன்றும் நம் வீட்டிலேயே இருக்கிறது. போர்த் தண்ணீரில் ஃபுளோரைடு, ஒகேனக்கல் குடிநீர் எல்லாத் தெருவிலும் தினமும் வருவதில்லை. அதனால் நம் மாவட்டத்தில் டிரம்மும் சிமென்ட் தொட்டியும் இல்லாத வாசல் குறைவு. ஏடிஸ் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, டிரம்மின் ஈரமான உட்சுவரில் முட்டையை ஒட்டிவைக்கிறது. தண்ணீரைக் கொட்டினால் அது போகாது. காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். தேங்காய் நாரால் உள்பக்கத்தை அழுத்தித் தேய்த்துக் கழுவினால்தான் போகும், வாரம் ஒருமுறை.

வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்து, விட்டு, அதற்குப் பிறகு வயிறு வலிக்கிறது என்றாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, கைகால் சில்லென்று இருந்தாலோ, ஆறு மணி நேரமாக மூத்திரம் போகாவிட்டாலோ, ஆள் சோர்ந்து சுருண்டாலோ, கவுண்ட் 2 லட்சமே இருந்தாலும் தாமதிக்காமல் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும்போது என்னைப் போன்றவனிடம் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "நேத்து பிசிவி எவ்வளவு, இன்னைக்கு எவ்வளவு?"